பட்டத்தின் மேல் ஒரு கோடு
‘பரியேறும் பெருமாள்’ திரைப்படத்தை முன்வைத்துச் சில சிந்தனைகள்

தவக்காலத்து ஞாயிறு ஒன்றின் மாலையில், ஆலங்குளத்து இளைஞர் சிலர் கேட்டுக்கொண்டதற்கிணங்க, அவர்களோடு அமர்ந்து ஒரு திரைப்படத்தைப் பார்க்கவும் பின்னர் அதைப் பற்றி உரையாடவும் வாய்ப்புக் கிடைத்தது. கரிசல் மண்ணின் வெக்கை தணியத் தொடங்கியிருந்த நேரம். கல்லூரி மாணவர் சிலர், பட்டாசு ஆலை வேலையை முடித்துக் கை கழுவிவிட்டு வந்த பெண்கள் சிலர், சிமெண்ட் ஆலைத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகள் என ஏறத்தாழ நாற்பது பேர் கூடியிருந்தனர். நாங்கள் பார்த்த படம், மாரி செல்வராஜ் இயக்கத்தில் 2018 செப்டம்பரில் வெளிவந்த ‘பரியேறும் பெருமாள்’.

படம் முடிந்ததும் பேச்சு எழுந்தது. தண்டவாளத்தில் கட்டப்பட்டுச் சாகும் கறுப்பி என்னும் நாயைப் பற்றிச் சிலர் பேசினர். அமைதியான முகத்தோடு கொலை செய்து திரியும் முதியவரைப் பற்றிச் சிலர் பேசினர். காதலா நட்பா என்று வாதிட்டனர் சிலர். கடைசி வரிசையில் அமர்ந்திருந்த ஓர் இளைஞர் மட்டும் நெடுநேரம் வாய் திறக்கவில்லை. சட்டம் படித்து முடித்து, வழக்கறிஞராகப் பதிவு செய்து, மூன்று ஆண்டுகளாகத் தொழில் செய்து வருபவர் அவர். தாயும் தந்தையும் பட்டாசுக் கூலிகள். நான் அவரைப் பார்த்துக் கேட்ட பின்னரே பேசினார்.

“படத்தைக் காலேஜோட நிறுத்திட்டாங்க சார். கோட்டுப் போட்ட பிறகு என்ன நடக்குதுன்னு காட்டல.”

அந்த ஒரு வாக்கியமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. நல்லதொரு கலைப்படைப்பை நாம் பாராட்டிவிட்டு எழுந்து போய்விடுகிறோம். அது முடிகிற இடத்தில் தொடங்கும் வாழ்க்கையை எண்ணிப் பார்ப்பதும் திறனாய்வின் கடமைதான்.

கதையும் கோடும்

நெல்லைச் சீமையின் புளியங்குளம் என்னும் சிற்றூரிலிருந்து திருநெல்வேலிச் சட்டக் கல்லூரிக்கு வருகிறான் பரியன். தாழ்த்தப்பட்ட குலத்தைச் சேர்ந்தவன். டாக்டர் ஆக வேண்டும் என்பான். எந்த டாக்டர் என்றால் அம்பேத்கரைப் போன்ற டாக்டர் என்பான். ஆங்கிலம் புரியாமல் வகுப்பில் தலை குனிகிறான். உடன் படிக்கும் சோதி மகாலட்சுமி அவனுக்குக் கற்றுத் தருகிறாள். அந்த நட்பே அவனுக்கு வினையாகிறது. அவள் வீட்டுத் திருமணத்துக்கு அழைக்கப்பட்டுப் போன இடத்தில், அவளுக்குத் தெரியாமலே, அறைக்குள் அடைக்கப்பட்டு அடிக்கப்படுகிறான். மேலே சிறுநீர் கழிக்கப்படுகிறான். நாட்டுப்புறக் கூத்தில் பெண் வேடமிட்டு ஆடும் அவன் தந்தை, கல்லூரி வாயிலில் வேட்டி உருவப்பட்டு ஓட ஓட விரட்டப்படுகிறார். இறுதியில் அவனையே தண்டவாளத்தில் கிடத்துகிறார்கள். தப்பிப் பிழைக்கிறான்.

இப்படத்தின் தலைப்பு வெறும் பெயரோடு நிற்பதில்லை. ‘பி.ஏ.பி.எல்.’ என்ற பட்டமும், ‘மேல ஒரு கோடு’ என்ற சொற்களும் அதனோடு சேர்ந்து வருகின்றன. படிப்பை இன்னும் முடிக்காதவர், அல்லது முடிக்க இயலாமற்போனவர், பெயருக்குப் பின் பட்டத்தை எழுதி அதன்மேல் ஒரு கோடு இட்டுக்கொள்ளும் வழக்கத்தை நம் பெரியவர்கள் அறிவார்கள். பட்டம் உண்டு, ஆனால் இன்னும் முழுமையாக இல்லை என்பதற்கு அடையாளம் அது. பரியனைப் பொறுத்தவரை அந்தக் கோடு தேர்வு எழுதினால் அழிந்துவிடும் கோடு. படம் பார்க்கும் நாமும் அப்படித்தான் நம்புகிறோம். அந்த இளம் வழக்கறிஞரோ, தேர்வு எழுதி முடித்த பிறகும் கோடு இருக்கிறது என்கிறார்.

இதே விருதுநகர் மாவட்டத்துப் புதுப்பட்டியில் பிறந்த பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வெளிவந்தது. கத்தோலிக்கக் குடும்பத்தில், ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்த ஒரு பெண்ணின் தன்வரலாறு அது. அதிலும் பட்டம் பற்றிய ஒரு நிகழ்ச்சி உண்டு. படித்து ஊர் திரும்பிய அண்ணனிடம் எந்தத் தெரு என்று கேட்கிறார்கள். கேள்வியின் பொருள் எல்லாருக்கும் தெரிந்ததே. ஆனால் நூலகப் பதிவேட்டில் தம் பெயரோடு எம்.ஏ. என்று அவர் எழுதியதும் அமர இருக்கை வருகிறது. பேச்சில் மரியாதை வருகிறது. படிப்பு மானத்தை மீட்டுத் தரும் என்ற நம்பிக்கையை அந்த நிகழ்ச்சி ஒரு தலைமுறைக்குத் தந்தது. அந்த நம்பிக்கை பொய்யன்று. அது எவ்வளவு தொலைவு செல்லும் என்பதுதான் நம் கேள்வி.

மொழி என்னும் முதல் வாயில்

படத்தின் மிகச் சிறந்த பகுதி வகுப்பறைக் காட்சிகளே என்பேன். அடிதடியைக் காட்டுவது எளிது. ஒருவன் தனக்குப் புரியாத மொழியில் நடக்கும் பாடத்தின் முன்னே அமர்ந்திருப்பதைக் காட்டுவது அரிது. பரியனுக்கு அறிவில்லாமல் இல்லை. வாதிடும் நாவும் இருக்கிறது. ஆனால் அவன் நாவில் உள்ள மொழி அந்த அறையில் செல்லாது. ஆங்கிலம் அறியாதவன் என்ற ஏளனத்துக்குள்ளே, நீ எந்த வழியாக உள்ளே வந்தாய் என்ற ஏளனமும் ஒளிந்திருக்கிறது. வகுப்பில் பலர் அவனைப் போலவே புரியாமல் அமர்ந்திருக்கிறார்கள். எழுந்து நின்று சொன்னவன் மட்டுமே தண்டனை பெறுகிறான்.

இது கல்லூரியோடு முடிவதன்று. உயர் நீதிமன்றங்களின் நடவடிக்கை ஆங்கிலத்தில் அமைய வேண்டும் என்பது அரசியல் சாசனத்தின் 348ஆம் பிரிவு. சென்னை உயர் நீதிமன்றத்தில் தமிழுக்கும் இடம் வேண்டும் என்று 2006இல் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. அது இன்னும் கைகூடவில்லை. ஆகவே திருவில்லிபுத்தூர் மாவட்ட நீதிமன்றத்தில் தமிழில் வாதிட்டுத் தேர்ந்த ஒருவர், மதுரைக் கிளைக்குச் செல்லும்போது மீண்டும் பரியனாகிறார். தலைமைக் குருவின் முற்றத்தில் பேதுருவை அவருடைய கலிலேயப் பேச்சே காட்டிக் கொடுத்தது என்று மத்தேயு எழுதுகிறார். பேச்சைக் கொண்டு பிறப்பை அறிந்துகொள்ளும் கலையில் மனிதர் எக்காலத்திலும் தேர்ந்தவர்களாகவே இருக்கின்றனர்.

பரிந்து பேசுபவர் யார்?

நீதிமன்றக் கதைகள் நமக்குப் பிடித்தமானவை. 2021இல் வெளிவந்த ‘ஜெய் பீம்’ படத்தை எத்தனையோ குடும்பங்கள் கண்ணீரோடு பார்த்தன. 1993இல் காவல் நிலையச் சித்திரவதையில் ஒரு பழங்குடி மனிதர் இறந்ததையும், அவருக்காக அன்று வழக்கறிஞராய் இருந்த சந்துரு வாதாடியதையும் தழுவிய படம் அது. பின்னாளில் உயர் நீதிமன்ற நீதிபதியான அவருடைய நேர்மையை ஐயுறுவார் யாருமில்லை. அமெரிக்காவில் ஆர்ப்பர் லீ 1960இல் எழுதிய, உலகமெங்கும் பள்ளிகளில் படிக்கப்படுகிற ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ என்ற நாவலும் இவ்வகையினதே. அலபாமா மாநிலத்தில் பொய்க் குற்றம் சுமத்தப்பட்ட ஒரு கறுப்பினத்தவருக்காக நேர்மையான வெள்ளையர் ஒருவர் வழக்காடுகிறார்.

இக்கதைகளில் ஒரு பொதுத் தன்மையைக் காணலாம். ஒடுக்கப்பட்டவர் எப்போதும் கட்சிக்காரராகவே வருகிறார். கூண்டில் நிற்கிறார், அழுகிறார், நன்றியோடு கை கூப்புகிறார். அவருக்காகப் பேசுபவர் வேறொருவர். கதை யாருடைய பெருமையைச் சொல்கிறது என்று பார்த்தால், பேசியவரின் பெருமையைத்தான். நல்ல உள்ளம் கொண்ட நாமும் நம்மை அந்த வழக்கறிஞரின் இடத்தில் வைத்துப் பார்த்து மகிழ்ந்துவிடுகிறோம்.

ஆனால் அதே அலபாமாவில், அந்த நாவல் வெளிவருவதற்கு முன்பே, பிரெட் கிரே என்ற கறுப்பின வழக்கறிஞர் இருந்தார். மாண்ட்கோமரி நகரில் 1930இல் பிறந்தவர். அம்மாநிலத்துச் சட்டக் கல்லூரி கறுப்பினத்தவரைச் சேர்க்காது; வெளிமாநிலம் சென்று படிக்கச் செலவில் ஒரு பங்கைக் கொடுத்து அனுப்பிவிடுவதே அரசின் வழக்கம். அவர் ஒகையோ மாநிலத்துக்குப் போய்ச் சட்டம் படித்து, 1954இல் ஊர் திரும்பினார். மறு ஆண்டு, பேருந்தில் இருக்கையை விட்டு எழ மறுத்த ரோசா பார்க்சுக்காக வாதாடியவர் அவரே. பேருந்துகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று 1956இல் தீர்ப்புப் பெற்றதும் அவருடைய வழக்கில்தான். உலகம் கற்பனை வழக்கறிஞரை அறிந்த அளவு இந்த உண்மை வழக்கறிஞரை அறியவில்லை.

அங்கே வழக்கறிஞர் சங்கமே கறுப்பினத்தவருக்குக் கதவடைத்தது. அறியாமல் மூவரைச் சேர்த்துக்கொண்டதை 1912இல் பெரும் சிக்கலாகக் கருதிய அமெரிக்க வழக்கறிஞர் சங்கம், இனி விண்ணப்பிப்போர் தம் இனத்தைக் குறிப்பிட வேண்டும் என்று விதித்தது. அதனால் கறுப்பின வழக்கறிஞர்கள் 1925இல் தமக்கெனத் தனிச் சங்கம் அமைக்க நேர்ந்தது. கதவு திறந்தது 1943இல். கதவு திறந்தபின்னும் கண்கள் திறக்க நாளாகிறது. 2020 செப்டம்பரில் இங்கிலாந்தில் அலெக்சாண்ட்ரா வில்சன் என்ற கறுப்பின இளம் பாரிஸ்டரை, நீதிமன்றத்தில் ஒரே நாளில் மூன்று முறை குற்றம் சாட்டப்பட்டவர் என்று எண்ணித் தடுத்தார்கள். நிர்வாகம் பின்னர் அவரிடம் மன்னிப்புக் கேட்டது. தடுத்தவர்கள் கொடியவர்களாக இருந்திருக்க வேண்டியதில்லை. வழக்கறிஞர் என்றால் எப்படி இருப்பார் என்ற ஓர் உருவம் அவர்கள் மனத்தில் முன்னரே பதிந்திருந்தது. அவ்வளவுதான்.

அம்பேத்கரின் சட்ட நூலும் தண்ணீர்ப் பானையும்

நம் நாட்டில் நிறத்தின் இடத்தில் சாதி நிற்கிறது. பரியன் முன்மாதிரியாய்க் கொண்ட அம்பேத்கரின் வாழ்க்கையே இதற்குச் சான்று. அமெரிக்காவில் பட்டம் பெற்று 1917இல் பரோடா அரசுப் பணிக்குச் சென்றபோது, தங்குவதற்கு ஓர் இடம் கிடைக்காமல் பார்சி விடுதியிலிருந்தும் விரட்டப்பட்டார். அலுவலகத்தில் கடைநிலை ஊழியர்கள் கோப்புகளைத் தொலைவில் நின்று மேசைமேல் எறிந்தனர். 1918இல் பம்பாய்க் கல்லூரியில் பேராசிரியரானபோது, ஆசிரியர்களுக்கான பானையில் அவர் தண்ணீர் எடுப்பதற்கு உடன் பணியாற்றியோர் மறுப்புத் தெரிவித்தனர். இலண்டன் கிரேஸ் இன்னில் 1922இல் பாரிஸ்டராகி, 1923இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் தொழில் தொடங்கினார். அங்கே தீண்டாமை நாகரிகமான உடை அணிந்து வந்தது. பெரிய வழக்குகளைக் கொண்டு வருபவர்கள் சொலிசிட்டர்கள். அவர்கள் அம்பேத்கரிடம் வழக்குக் கொடுக்கவில்லை. ஆகவே அவர் கீழ் நீதிமன்ற வழக்குகளை எடுத்து நடத்தியதோடு, கணக்கியல் பயிலகம் ஒன்றில் வணிகச் சட்டம் கற்பித்தும் குடும்பம் நடத்தினார்.

இந்நிலை அவரோடு முடிந்துவிட்டதா? 1950இல் தோன்றிய உச்ச நீதிமன்றத்தில் தாழ்த்தப்பட்ட வகுப்பிலிருந்து முதல் நீதிபதி அமர்ந்தது 1980இல். அவர் தமிழகத்தைச் சேர்ந்த அ. வரதராஜன் என்பது நமக்குப் பெருமை. முப்பது ஆண்டுகள் ஆனது நமக்குச் சிறுமை. தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் 2010இல் ஓய்வு பெற்ற பின், 2019இல் பி. ஆர். கவாய் வரும்வரை, ஒன்பது ஆண்டுகள் அவ்வகுப்பினர் ஒருவர்கூட அங்கே இல்லை. கவாய் 2025 மே முதல் நவம்பர் வரை தலைமை நீதிபதியாக விளங்கினார். உயர் நீதிமன்றங்களில் 2018 முதல் 2022 டிசம்பர் வரை நியமிக்கப்பட்ட 537 நீதிபதிகளில் பட்டியல் சாதியினர் 2.8 விழுக்காடு, பழங்குடியினர் 1.3 விழுக்காடு என்று நடுவண் அரசே நாடாளுமன்ற நிலைக்குழுவிடம் தெரிவித்தது. நீதிபதிகள் பெரும்பாலும் வழக்கறிஞர்களிலிருந்தே தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். எனவே இவ்வெண்கள், வழக்கறிஞர் தொழிலுக்குள் யார் வளர்கிறார், யார் வாடுகிறார் என்பதையும் சேர்த்தே சொல்கின்றன.

படம் காட்டாத பகுதி

இனி நம் இளம் வழக்கறிஞர் சொன்னதற்கு வருவோம். அவர் தம்மை யாரும் அடித்ததாகவோ திட்டியதாகவோ சொல்லவில்லை. வேலை கற்றுக்கொள்ள மூத்த வழக்கறிஞர் ஒருவரிடம் சென்றபோது, ஊர் எது, எந்தப் பக்கம், அப்பா என்ன செய்கிறார் என்ற மூன்று கேள்விகளுக்குப் பின், பிறகு சொல்லி அனுப்புகிறேன் என்ற பதில் கிடைத்தது. சொல்லி அனுப்பவில்லை. சேர்த்துக்கொண்ட மற்றோர் அலுவலகத்தில், கட்டுகளைச் சுமக்கவும் வாய்தா வாங்கவும் பயன்பட்டார். கட்சிக்காரரோடு பேசும் வேளையில் வெளியே அனுப்பப்பட்டார். தனியே தொழில் தொடங்கியபின் வந்தவை பெரும்பாலும் வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகள். அதனால் அவரைப் ‘பி.சி.ஆர். வக்கீல்’ என்றே அழைக்கத் தொடங்கினர். நில வழக்கையோ வணிக வழக்கையோ எவரும் அவரிடம் கொண்டு வருவதில்லை.

அவர் மிகத் தயங்கிச் சொன்னது வேறொன்று. “எங்க ஆளுகளே எங்கிட்ட கேஸ் குடுக்க மாட்டாங்க சார். பெரிய வக்கீலைப் பாத்தாத்தான் ஜட்ஜ் மதிப்பாருன்னு நெனைக்கிறாங்க. எங்க பெரியப்பாவே அப்படித்தான் போனாரு.”

ஒடுக்கப்பட்டவர் தம் பிள்ளையின் பட்டத்தையே நம்ப இயலாதபடி ஆக்கிவிடுவதுதான் ஒடுக்குமுறையின் முழு வெற்றி. பெரியப்பாவைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. வெடி விபத்தில் இறந்தவருக்கு இழப்பீடு கேட்டு நிற்கும் ஏழை, தோற்றுவிட்டால் மறுபடி கேட்க வழியில்லாதவர். உலகம் யாரை மதிக்கிறது என்பதை அவர் வாழ்நாள் முழுவதும் பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறார்.

இந்த இடத்தில்தான் ‘பரியேறும் பெருமாள்’ படத்தின் குறை தெரிகிறது. படத்தில் கொடுமை செய்வோர் முகம் தெரிந்த கொடியவர்கள். சிறுநீர் கழிப்பவன், வேட்டி உருவுபவன், கொலை செய்பவர் என்று நம்மால் விரல் நீட்டிக் காட்ட முடிகிறது. காட்டிவிட்டு, நாம் அவர்களைப் போன்றவர்கள் அல்லர் என்று நிம்மதியும் கொள்ள முடிகிறது. சொல்லி அனுப்புகிறேன் என்று புன்னகையோடு கூறுபவரைப் படம் அறியவில்லை. சட்டக் கல்லூரியில் கதை நடந்தும், சட்டம் என்பது அங்கே பின்னணித் திரைச்சீலையாகவே தொங்குகிறது. பரியனுக்கு நேர்ந்த கொடுமைகள் ஒவ்வொன்றும் சட்டப்படி குற்றம். சட்ட மாணவனாகிய அவனுக்கு அது ஒருமுறைகூடத் தோன்றுவதில்லை. சோதி மகாலட்சுமியும் இறுதிவரை ஒன்றும் அறியாத பிள்ளையாகவே வைக்கப்பட்டிருக்கிறாள். தன் பெயரால் நிகழ்ந்த கொடுமையை அறியும் உரிமையும், அறிந்து முடிவெடுக்கும் உரிமையும் அவளுக்கு மறுக்கப்படுகின்றன.

கல்லூரி முதல்வர் பரியனுக்குக் கூறும் அறிவுரை படத்தின் உயிர்நாடி. தாமும் இழிவுபடுத்தப்பட்டு வந்தவர். படிப்பால் உயர்ந்து, இன்று பலர் கை கட்டி நிற்கும் நாற்காலியில் அமர்ந்திருப்பவர். ‘பூ’ ராமு அக்காட்சியில் நடித்தார் என்று சொல்ல மனம் ஒப்பவில்லை; வாழ்ந்தார். படி, படித்து மேலே வா என்கிற அந்த அறிவுரை தூயது. ஆனாலும் அது சுமையை முழுவதுமாகப் பரியனின் தோளிலேயே ஏற்றுகிறது. அவன் தகுதி பெற வேண்டும்; நாற்காலிகளை வைத்திருப்போர் மாற வேண்டியதில்லையா?

இதைப் படமே உணர்ந்திருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இறுதிக் காட்சியில் சோதியின் தந்தை, பார்ப்போம், நாளை எதுவும் மாறலாம் என்னும் பொருள்படப் பேசுகிறார். பரியனோ, எதிரில் இருப்பவர் தம் எதிர்பார்ப்பை விடாதவரை இங்கே மாற்றம் வராது என்று அமைதியாக உணர்த்துகிறான். இரு தேநீர்க் குவளைகளும் நடுவே ஒரு மல்லிகைப் பூவும் திரையில் எஞ்சுகின்றன. பழிவாங்கலில் முடிந்திருக்கக்கூடிய ஒரு கதையை உரையாடலில் முடித்த அடக்கம், தமிழ்த் திரையுலகில் அரிது. குவளைகள் அருகருகே இருக்கின்றன, ஒன்றாகவில்லை. இயக்குநர் பொய் சொல்லவில்லை.

வன்முறைக் காட்சிகள் மிகை என்று நம்மில் சிலர் கூறக்கூடும். 2008 நவம்பர் 12 அன்று சென்னை அம்பேத்கர் சட்டக் கல்லூரியில் மாணவர்கள் சாதியால் பிரிந்து ஒருவரையொருவர் தாக்கியதையும், காவலர்கள் வாயிலில் நின்று பார்த்ததையும் நாடே தொலைக்காட்சியில் கண்டது. ஒரு சுவரொட்டியில் கல்லூரியின் பெயரிலிருந்து அம்பேத்கர் பெயர் விடப்பட்டதே அதன் பின்னணியில் இருந்த பூசல். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் உடன் பயின்றோராலேயே வீட்டில் வெட்டப்பட்டார். அதன்பின் நீதிபதி சந்துரு தலைமையில் அமைந்த குழு 2024இல் அறிக்கை அளித்தது. மிகை என்பதற்கு இடமில்லை.

நம் வீட்டுக் கோடு

இதுவரை பிறரைப் பற்றிப் பேசிவிட்டோம். திருச்சபையின் மக்களாகிய நம்மைப் பற்றியும் பேச வேண்டும்.

அந்த இளைஞர் கத்தோலிக்கர். ஆகவே அவருக்கு மற்றுமொரு கோடு. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி என்னும் தகுதி இந்துக்களுக்கு மட்டுமே இருந்தது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அது வழங்கப்பட்டது. கிறிஸ்தவருக்கு இன்றும் இல்லை. சென்னையில் செருப்புத் தைத்துப் பிழைத்த சூசை என்ற கிறிஸ்தவர் தொடுத்த வழக்கில், மதம் மாறிய பின்னும் அதே அளவு இழிவு தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என 1985இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இதை ஆராய 2022இல் பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைந்தது. எனவே சமுதாயம் அந்த இளைஞரைத் தாழ்த்தப்பட்டவராகவே நடத்துகிறது. சட்டம் அவரை அப்படி ஏற்க மறுக்கிறது. இகழ்ச்சி உண்டு, காப்பு இல்லை.

சூசையின் வழக்கில் நீதிமன்றம் கேட்ட சான்றை, நம் கல்லறைத் தோட்டங்களின் நடுச்சுவர்கள் தந்திருக்கக் கூடும். தமிழக ஆயர் பேரவை 1990இலேயே தலித் கிறிஸ்தவர்களுக்காகப் பத்து அம்சத் திட்டம் வகுத்தது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2003 நவம்பரில் தமிழக ஆயர்களிடம், சாதி வேற்றுமை மெய்யான மனித ஒருமைப்பாட்டுக்கும் நற்செய்திப் பணிக்கும் இடையூறு என்று கண்டித்துரைத்தார். ஆவணங்கள் நம்மிடம் குறைவில்லை. அவை பங்குகளின் வாசலைத் தாண்டி உள்ளே வந்தனவா என்பதை ஒவ்வொரு பங்கும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளட்டும்.

நம் பகுதிக்கு இந்த வலி புதியதுமன்று. கமுதிக் கோவிலுக்குள் 1897இல் நுழைந்த நாடார் பெருமக்கள் மீது வழக்குத் தொடரப்பட்டது. 1899இல் சிவகாசி சூறையாடப்பட்டது. 1908இல் இலண்டன் பிரிவி கவுன்சிலும் அவர்களுக்கு நுழைவுரிமை இல்லை என்றே தீர்த்தது. அன்று நீதிமன்றத்தின் எந்தப் படியில் ஏறினாலும் பிறப்பே குறுக்கே நின்றது. அந்த நினைவை இன்றும் போற்றும் ஊர்கள் இவை. வாசலில் நிறுத்தப்பட்டவரின் பேரப்பிள்ளைகள் இன்று வேறொருவரை வாசலில் நிறுத்தலாகாது.

துணையாளர்

யோவான் நற்செய்தியில் ஆண்டவர் வாக்களிக்கும் தூய ஆவியாரைக் குறிக்கும் கிரேக்கச் சொல், வழக்கில் அருகே நின்று பரிந்து பேசுபவரையும் குறிக்கும். நம் பொது மொழிபெயர்ப்பு அதைத் துணையாளர் என்கிறது. வழக்கறிஞர் தொழில் எத்தனை மேன்மையானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. நம் மீட்பரும் தொலைவில் நின்று இரங்கிய ஒருவர் அல்லர். நம் வலுவின்மையை நம்மைப் போலவே சோதிக்கப்பட்டு அறிந்தவர் என்று எபிரேயர் திருமுகம் அவரைப் போற்றுகிறது. நமக்காகப் பேசுவதற்கு முன் அவர் நம்மில் ஒருவரானார். இழிந்த ஊர் என்று எண்ணப்பட்ட நாசரேத்திலிருந்து வந்தார். நாசரேத்திலிருந்து நல்லது எதுவும் வருமா என்று கேட்ட நத்தனியேல் கெட்டவர் அல்லர். கபடற்றவர் என்று ஆண்டவராலேயே புகழப்பட்டவர். நல்லவர்களும் கேட்கும் கேள்வி அது. ஊர் எது, எந்தப் பக்கம் என்ற கேள்வியும் அதுவே. நத்தனியேலின் பெருமை, வந்து பாரும் என்று பிலிப்பு அழைத்தபோது எழுந்து சென்று பார்த்ததில் இருக்கிறது.

நாம் செய்யக் கூடியவை சிலவுண்டு. இளம் வழக்கறிஞர்களுக்கு மாதம் 15,000 முதல் 20,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை தர வேண்டும் என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் அறிவுறுத்தியது. நம்மிடையே தொழிலில் நிலைபெற்ற வழக்கறிஞர்கள், ஏழைக் குடும்பத்து இளையவர் ஒருவரையாவது அத்தொகையோடு சேர்த்துக்கொண்டு, கட்சிக்காரர் பேசும்போது அறைக்குள்ளேயே அமர்த்திக்கொள்ளலாம். பங்குகளும் துறவற இல்லங்களும் தம் பத்திரங்களையும் நில வழக்குகளையும் இத்தகைய இளைஞர்களிடம் நம்பிக் கொடுக்கலாம். இரக்கப்பட்டுக் கொடுக்க வேண்டியதில்லை. அவர்கள் கற்றவர்கள் என்பதற்காகக் கொடுத்தால் போதும்.

அன்றிரவு கூட்டம் கலைந்தபின், அந்த இளைஞர் தம் பெயர் அச்சிட்ட அட்டை ஒன்றை என்னிடம் தந்தார். பெயரும், பி.ஏ., பி.எல். என்ற பட்டமும் அதில் இருந்தன. என் தந்தைவழி நிலம் ஒன்றின் பட்டா மாறுதல் நெடுநாளாய் நிலுவையில் கிடக்கிறது. அதற்காக நான் மனத்தில் எண்ணி வைத்திருந்தது வேறொரு பெரிய வழக்கறிஞரை. பெரியப்பாவைப் போலத்தான் நானும் இருந்திருக்கிறேன் என்பது அட்டையைக் கையில் வாங்கியபோது உறைத்தது. அந்த வாரமே பத்திரங்களை அவரிடம் கொண்டு போய்க் கொடுத்தேன்.